பவளங்கள் ஒரு மூலையில் குவிந்தது எப்படி?

உலகக் கடல்களில் பாறை கட்டும் பவள இனங்கள் ஏறத்தாழ 800. அவற்றில் 605 இனங்கள், பிலிப்பைன்ஸ், கிழக்கு இந்தோனேசியா, சபா, தீமோர், பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வரைந்த ‘பவள முக்கோணம்’ என்ற ஒரே கடற்பகுதியில் காணப்படுவதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர் வெரானும் உடனாய்வாளர்களும் 2009-இல் கணக்குக் காட்டினார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல். நியூகினியின் மேற்கு ஓரத்து ராஜா அம்பாட் தீவுகளில் மட்டுமே 553. கரீபியன் கடல் முழுவதையும் கூட்டினாலும் அறுபத்துச் சொச்சம்தான் தேறும். தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் 117. கப்பல்கள் இரவுபகலாக நெரியும் சிங்கப்பூரின் கலங்கல் நீரில் 255.

இந்த எண்களுக்கு நடுவே மலேசியாவின் நெகிரி செம்பிலான் கடற்கரையும் இருக்கிறது. அம்பாங்கான், சிரம்பான் வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்றாலே போர்ட்டிக்சன். அந்தக் கரையில் தஞ்சோங் துவான் முனையை ஒட்டிப் பவளத் திட்டு உண்டு. (முனையின் நிலம் ஆட்சிக் கணக்கில் மலாக்காவுக்குச் சொந்தம் என்பது தனிக் கதை.) அந்தத் திட்டின் உயிர்க்கூட்ட அமைப்பைக் கோ, சசேகுமார் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இலேயே ஒரு கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பவளம் பார்க்க விரும்புகிற மலேசியர்கள் அங்கே முக்குளிப்பது அரிது. தியோமான், ரெடாங், சபாவின் செம்பூர்ணா என்று கிழக்கே போகிறார்கள். முதல் இரண்டும் இதே தீபகற்பம், ஏறக்குறைய ஒரே வெப்பம். இருந்தும் கிழக்குக் கரைக்கு இருக்கும் பவளச் செழிப்பு மேற்குக் கரைக்கு இல்லை.

உலக அளவிலும் நம் கரை அளவிலும் கேள்வி ஒன்றுதான்: பவள இனங்கள் சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் மெலிந்தும் கிடப்பது எதனால்? இதற்குச் சொல்லப்பட்ட பதில்களின் வரலாறு 180 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பதில்கள் ஒன்றையொன்று அடித்துப் போட்டதாக நூல்கள் எழுதுவது வழக்கம். உற்றுப் பார்த்தால் அவற்றுள் சில வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன என்றே தோன்றுகிறது.

வெப்பம் வரைந்த எல்லை

பவளத் திட்டுகளின் உலக வரைபடத்தை முதலில் முறையாக வெளியிட்டவர்களுள் சார்லஸ் டார்வின் முதன்மையானவர். 1842-இல் வந்த அவருடைய பவளத் திட்டு நூலில் திட்டுகளை வகை பிரித்து வண்ணம் தீட்டிய படம் ஒன்று உண்டு. அவருடைய அக்கறை திட்டின் வடிவத்தில் இருந்தது: கரையை ஒட்டியது எப்படித் தடுப்புச் சுவராகிறது, சுவர் எப்படி வளையத் தீவாகிறது என்பதே அவர் கேட்டது. எந்த இனம் எங்கே என்பது அவருடைய கேள்வி அன்று.

அமெரிக்கர் ஜேம்ஸ் டானா 1838 முதல் 1842 வரை நடந்த அமெரிக்கக் கடல் ஆய்வுப் பயணத்தில் சென்று வந்தவர். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் கடல்நீர் ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காத இடங்களில்தான் திட்டுகள் வளர்கின்றன என்று அவர் கோடு கிழித்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கோட்டை 18 பாகைக்கு இறக்கினார்கள். பாறை கட்டும் பவளத்தின் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பகுதியை வெயிலிலிருந்து ஆக்கித் தருபவை அவைதான். வெதுவெதுப்பான, ஆழமற்ற, வெளிச்சம் புகும் நீர் தேவைப்படுவது அதனால்தான். 1999-இல் கிளேபாசும் உடனாய்வாளர்களும் வெப்பத்தோடு உப்பு, வெளிச்சம், ஊட்டச்சத்து, சுண்ணாம்புச் செறிவு ஆகியவற்றையும் சேர்த்து உலகத் திட்டுகளை அளந்தபோது டானாவின் அடிப்படைக் கருத்து பெரும்பாலும் நிலைத்தது.

ஆனால் இந்த அளவுகோல் எல்லையைத்தான் காட்டுகிறது. எல்லைக்கு உள்ளே எத்தனை இனம் என்று அதைக் கேட்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடா போதிய வெப்பமுள்ளது. அங்கே சொல்லிக்கொள்ளும்படியான திட்டு இல்லை. பாரசீக வளைகுடாவின் நீர் கோடையில் 35 பாகையைத் தாண்டும், குளிர்காலத்தில் டானாவின் கோட்டுக்குக் கீழே போகும். அங்கே சில பத்து இனங்கள் தாக்குப்பிடித்து வாழ்கின்றன. ஒரே மாதிரி வெப்பமான நீரில் ராஜா அம்பாட்டில் ஐந்நூற்றுச் சொச்சமும் மன்னார் வளைகுடாவில் நூற்றுச் சொச்சமும் இருப்பதை வெப்பமானியால் விளக்க முடியாது.

கேள்வியை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தவர் ஜான் வெல்ஸ். 1954-இல் மார்ஷல் தீவுகளின் பவளங்களைப் பற்றி எழுதியபோது ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேரினங்கள் என்று எண்ணி, சம எண்ணிக்கையுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார். மலைகளைக் காட்டும் வரைபடம் போல இந்தோ-பசிபிக்கில் பெரிய முகடு ஒன்று அதில் எழுந்தது. அதற்குப் பிறகு நடந்த சண்டையெல்லாம் அந்த முகட்டைப் பற்றியதே.

பிறந்தகம் என்ற கொள்கை

எளிதில் தோன்றுகிற பதில் இதுதான்: அதிகம் இருக்கும் இடமே பிறந்த இடம். சுவீடன் நாட்டு விலங்கியலாளர் ஸ்வென் எக்மன் தம் கடல் விலங்குப் புவியியல் நூலில் (ஆங்கிலப் பதிப்பு 1953) இந்தோ-மலாய்ப் பகுதியைப் பரந்த வெப்பக் கடலின் உயிர்மையமாகக் கண்டார். ஜான் பிரிக்ஸ் பல பத்தாண்டுகள் இதற்காக வாதாடினார். போட்டி மிகுந்த மையத்தில் புதிய இனங்கள் உருவாகி வெளியே பரவுகின்றன, பழையவை ஓரங்களுக்குத் தள்ளப்படுகின்றன என்பது அவர் கட்சி.

உருவாவதற்கு வழி என்ன? ஜான் மக்மானஸ் 1985-இல் ஒரு விளக்கம் தந்தார். பனிக்காலங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியபோது சூலு, சுலாவெசி, தென்சீனக் கடல்கள் ஒன்றோடொன்று தொடர்பு குறைந்த படுகைகளாகப் பிரிந்திருக்கும். பிரிந்த கூட்டங்கள் தனித்தனி இனங்களாகியிருக்கும். கடல் மீண்டும் ஏறியபோது எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டொனால்ட் பாட்ஸ் இதற்கு நேர் எதிரான வாதத்தை வைத்திருந்தார். கடல்மட்டம் அடிக்கடி ஏறி இறங்கியது. பெரும்பாறைப் பவளம் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் வாழும். ஒரு பிரிவு புதிய இனமாகத் தனிக்குமுன் கடல் திரும்பி வந்துவிடும். ஆகவே கடல்மட்ட மாற்றம் புதிய இனங்களை உருவாக்குவதை விட, உருவாவதைக் கலைத்துப் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

கொள்கையின் பெரிய ஓட்டை வேறொன்று. பவள முக்கோணத்தின் 605 இனங்களில் அங்கே மட்டுமே வாழ்பவை வெறும் 15. பிறந்தகம் என்றால் அங்கேயே பிறந்து இன்னும் ஊரை விட்டுப் போகாத இளம் இனங்கள் நிறைய இருக்க வேண்டும். பவளத்தின் பிளானுலா என்ற இளவுயிரி நீரோட்டத்தில் நெடுந்தொலைவு போகக் கூடியது, அதனால் பிறந்தவுடனே பரவிவிடுகிறது என்று கொள்கையினர் பதில் சொல்வதுண்டு. சில இனங்களின் இளவுயிரிகள் ஆய்வகத் தொட்டிகளில் 200 நாளுக்கும் மேல் உயிரோடு இருந்தது உண்மைதான். ஆனால் அகப்படாததையே ஆதாரமாகக் காட்டும் வாதம் இது. எந்தத் தரவு வந்தாலும் பொய்க்காத கொள்கையால் ஆய்வுக்கு அதிகப் பயன் இல்லை.

வந்து சேர்ந்த இடமா?

ஹாரி லாட் 1960-இல் பசிபிக் தீவுகளின் சிப்பி, சங்கு வகைகளைப் பற்றி எழுதும்போது திசையையே திருப்பினார். இனங்கள் தொலைவில் தனித்துக் கிடக்கும் தீவுகளில் உருவாயின, நீரோட்டமும் காற்றும் அவற்றை மேற்கே கொண்டுவந்து தீவுக்கூட்டக் கடலில் சேர்த்தன என்றார். தோட்டங்கள் கைமாறியும் மூடியும் போன பிறகு அம்பாங்கான் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வந்து குடியேறிய குடும்பங்களை நினைத்துக்கொண்டால் இந்த வாதம் விளங்கும்: ஓரிடத்தில் ஆள் மிகுதி என்பதால் எல்லாரும் அங்கேயே பிறந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். 1992-இல் பால் ஜோக்கியலும் மார்ட்டினெல்லியும் பசிபிக்கின் பெருஞ்சுழல் நீரோட்டங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, நீரோட்டம் மட்டுமே வேலை செய்தாலும் இனங்கள் மேற்குப் பசிபிக்கில் குவியும் என்று காட்டினார்கள்.

இந்தத் தரப்புக்கு வலுவான சான்று 2018-இல் வந்தது. டான்வெய் ஹுவாங், கோல்ட்பெர்க், சிங்கப்பூரின் சௌ லோக் மிங், காஸ்துவ் ராய் ஆகியோர் உயிருள்ள பவளங்களின் காலக்கணக்கிட்ட வம்ச மரத்தையும் இன்றைய பரவலையும் சேர்த்துக் கணித்தார்கள். புதிய இனம் தோன்றும் வேகம் முக்கோணத்துக்குள் சுற்றுப்புறத்தை விடக் குறைவு. முக்கோணத்துக்கே உரிய சில இனங்களும் வெளியிலுள்ள தம் உறவினங்களை விட வயதில் மூத்தவை. வேறிடத்தில் உருவான இனங்கள் உள்ளே பரவி வந்ததே குவியலுக்குப் பெரிய காரணம் என்பது அவர்கள் முடிவு. ஓரிடத்துக்கே உரிய பவளங்களின் மையங்கள் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கின்றன, இன மிகுதியின் மையத்தோடு பொருந்துவதில்லை என்று ஹியூசும் உடனாய்வாளர்களும் 2002-இல் காட்டியதோடு இது ஒத்துப்போகிறது.

எனினும் முழு வெற்றி என்று அறிவிப்பது அவசரம். உயிரோடிருக்கும் இனங்களின் மரத்தை மட்டும் வைத்து அழிந்தவை எத்தனை என்று கணிப்பது கடினமான காரியம். அழிவின் கணக்கு தவறினால் பிறப்பின் கணக்கும் தவறும். அந்த மரத்தின் கிளைநுனியில் நிற்கும் ‘இனம்’ என்ற அலகே உறுதியானதா என்ற கேள்வியும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இரு கடல்களின் சந்திப்பு என்ற மூன்றாவது பதிலை விரைவாகச் சொல்லிவிடலாம். டேவிட் உட்லண்ட் 1983-இல் ஓரா மீன்களை ஆராய்ந்து, இந்துமாக்கடல் இனங்களும் பசிபிக் இனங்களும் தத்தம் பரப்பின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடமே தீவுக்கூட்டக் கடல் என்றார். ஓரா மீனுக்கு இது பொருந்தலாம். பவளங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நடுப் பசிபிக் வரை பரவியிருப்பதால், எல்லைகள் மட்டும் படிவதாகச் சொல்லி அவற்றை அடக்க முடியவில்லை.

பரப்பும் வடிவியலும்

இன்னொரு கூட்டம் வரலாற்றையே ஒதுக்கி வைத்தது. நீண்ட பரப்பு ஒன்றுக்குள் அகலமான கோடுகளை எப்படிப் போட்டாலும் நடுவில்தான் அதிகக் கோடுகள் குறுக்கிடும். இந்தோ-பசிபிக்கின் நடுவில் இன மிகுதி இருப்பது வெறும் வடிவியல் விளைவாகவும் இருக்கலாம் அல்லவா? கானலி, பெல்வுட், ஹியூஸ் ஆகியோர் 2003-இல் இதைச் சோதித்தபோது உண்மை நிலவரம் இந்தக் கணக்கிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகுவது தெரிந்தது. 2005-இல் பெல்வுட் குழு மீண்டும் பார்த்தபோது ஓரிடத்திலிருந்து 600 கிலோமீட்டருக்குள் எவ்வளவு ஆழமற்ற வாழிடம் கிடைக்கிறது என்பதும் நடுப்பரப்பு விளைவும் சேர்ந்து பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கின. தீவும் திட்டும் நெருங்கிய கடலில் ஓர் இனம் ஒரு திட்டில் அழிந்தாலும் அடுத்த திட்டிலிருந்து திரும்பி வர முடியும் என்ற எளிய விளக்கத்தோடு இந்த ஆய்வுகள் பொருந்துகின்றன. அந்தப் பரப்பு அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் அவற்றிடம் விடை இல்லை.

மையமே இடம் மாறிய கதை

புவியியல் அறிஞர்கள் கேட்பது அதைத்தான். ரெனேமாவும் உடனாய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடந்த 5 கோடி ஆண்டுகளில் கடலுயிர் மையம் குறைந்தது மூன்று முறை வேறு வேறு இடங்களில் இருந்தது. ஒரு காலத்தில் அது இன்றைய தென்மேற்கு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கப் பக்கம், தெத்தீஸ் என்ற மறைந்த கடலில் இருந்தது. பிறகு அரேபியப் பக்கம் நகர்ந்தது. ஆஸ்திரேலிய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசிய ஓரத்தோடு மோதி ஆழமற்ற கடல்களையும் எண்ணற்ற தீவுகளையும் எழுப்பிய பிறகு, சுமார் 2 கோடி ஆண்டுகளாகத்தான் அது நம் பக்கம் இருக்கிறது. மத்தியதரைக் கடலிலேயே ஒரு காலத்தில் பவளத் திட்டுகள் இருந்தன, இன்று இல்லை.

ஆகவே ‘தொன்றுதொட்டு இதுவே மையம்’ என்ற எண்ணம் கைவிடப்பட வேண்டியது. டேவிட் ஒபுராவின் பணியையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். மேற்கு இந்துமாக்கடலில் 369 இனங்கள் இருப்பதாக அவர் 2012-இல் கணக்கிட்டார். மொசாம்பிக் கால்வாயின் வடபகுதி இரண்டாவது முகடு போலத் தெரிகிறது. அங்குள்ள சில இனங்கள் தெத்தீஸ் காலத்து எச்சங்களாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அப்படியானால் பவள வரைபடத்தில் பள்ளமாகத் தெரிவது இரண்டு முகடுகளுக்கும் இடையே கிடக்கும் வங்காள விரிகுடாவும் இந்தியக் கரையும்தான். கங்கை போன்ற ஆறுகள் கொட்டும் வண்டலும் நன்னீரும் அங்கே பல கரைகளில் பவளத்துக்கு அதிக இடம் தருவதில்லை.

எண்ணிக்கையின் மேல் விழுந்த ஐயம்

இதுவரை சொன்ன எல்லாத் தரப்பும் நம்பி நிற்பது இனப் பட்டியலை. அந்தப் பட்டியல் எவ்வளவு உறுதி?

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமேசுவரம் கடலின் விலங்குகளைப் பற்றி எழுதினார். மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சி. எஸ். கோபிநாத பிள்ளை பல ஆண்டு உழைப்பில் 94 இனங்களைப் பட்டியலிட்டார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் பேட்டர்சன் எட்வர்ட் குழு 21 தீவுகளையும் சுற்றி முக்குளித்து 117 என்றது. நடுவில் இருந்த காலத்தில் அந்தக் கடல் செழித்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதும் தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிப்போனதும் அந்தக் காலத்தில்தான். கூடியது தேடலின் அளவு. உலக வரைபடத்தின் முகடுகளில் ஒரு பகுதி, முக்குளிப்பவர்கள் அதிகம் போன இடங்களின் வரைபடமாகவும் இருக்கக் கூடும்.

இதைவிட ஆழமான சிக்கல் இனம் என்பதன் வரையறையில். பவளங்களை நெடுங்காலம் அவற்றின் சுண்ணாம்புக் கூட்டின் வடிவத்தை வைத்தே பிரித்தார்கள். ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் தடித்தும் அமைதியான இடத்தில் மெலிந்தும் வளரும். 2004-இல் ஹிரோனோபு ஃபுகாமி குழு மரபணுக்களைப் பார்த்தபோது, ஒரே குடும்பம் என்று கருதப்பட்ட அட்லாண்டிக், பசிபிக் பவளங்கள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த வேறு வேறு கால்வழிகள் என்பது வெளிப்பட்டது. ஆய்வகங்களின் செல்லப் பவளமான ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா ஒரே இனம் அன்று, ஆழமாகப் பிரிந்த நான்கு கிளைகள் என்று 2013-இல் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டில் பல சோதனைகளுக்கு உட்பட்ட அக்ரோபோரா டெனுயிஸ், உண்மையில் அந்தப் பெயருக்குரிய இனமே அன்று என்று 2023-இல் முடிவாகி, அக்ரோபோரா கென்டி என்று மாற்றப்பட்டது.

இந்தத் திருத்தங்கள் பரவல் கேள்வியை நேரடியாகத் தாக்குகின்றன. செங்கடலிலிருந்து சமோவா வரை பரவிய ஒரே இனம் என்று நினைத்தது ஐந்து சிறு பரப்பு இனங்களாகப் பிரிந்தால், பரந்த பரவல் என்ற அடிப்படையே ஆட்டம் காணும். ஓரிடத்துக்கே உரியவை 15 என்ற எண் பல மடங்காகலாம். அப்போது பிறந்தகக் கொள்கைக்கு மீண்டும் உயிர் வரும். இதற்கு மாறாகவும் நடக்கலாம். வெரான் 1995-இல் எழுதிய நூலில், பவள இனங்கள் மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே போவதில்லை, நீரோட்டங்கள் மாறும்போது பிரிந்தும் மீண்டும் கலந்தும் வலை போலப் பின்னுகின்றன என்றார். அது சரியென்றால் தனியினங்களாக எண்ணப்பட்டவை சில ஒன்றாகிவிடும். எந்தப் பக்கம் திருத்தம் போகும் என்பது பேரினத்துக்குப் பேரினம் வேறுபடுவதாகவே இதுவரை தெரிகிறது.

மலாக்கா நீரிணையின் சாட்சி

உலகக் கொள்கைகளைச் சோதிக்க நம் வாசலிலேயே ஒரு களம் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை விட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி வறண்ட நிலம். தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சுந்தா நிலம் என்ற ஒரே பெருநிலமாக இருந்தன. பனி உருகிக் கடல் ஏறி, கடந்த பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில்தான் நீரிணை நிரம்பியது. ஆகவே போர்ட்டிக்சன் கரையிலும் சிங்கப்பூரிலும் இன்று இருக்கும் ஒவ்வொரு பவள இனமும் அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்து குடியேறியதே. இங்கே பிறப்பு வாதத்துக்கு இடமில்லை. பவளத்தின் காலக்கணக்கில் பத்தாயிரம் ஆண்டு என்பது புதிய இனம் பிறக்கப் போதாது.

இந்தப் பின்னணியில் சிங்கப்பூரின் 255 வியப்பளிக்கும் எண். சில ஆயிரம் ஆண்டுகளில், கலங்கல் நீரில், கரீபியன் முழுவதையும் விட மூன்று நான்கு மடங்கு இனங்கள் வந்து தங்கியிருக்கின்றன. கிழக்கே தென்சீனக் கடலில் 571 இனங்கள் இருப்பதாக ஹுவாங் குழு 2015-இல் தொகுத்தது. அது முக்கோணத்துக்கு வெளியே இருந்தும் முக்கோணத்தை நெருங்கும் எண். வாசலில் அவ்வளவு பெரிய களஞ்சியம் இருந்தால் புதிதாக நிரம்பிய கடலும் விரைவாகச் செழிக்கும்.

மன்னார் வளைகுடாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. வளைகுடாவை ஒட்டிய பாக் நீரிணையும் அதே பனிக்காலத்தில் நிலமாக இருந்தது. இந்தியாவும் இலங்கையும் காலால் நடந்து போகும் அளவுக்கு ஒட்டியிருந்தன. இன்று அங்குள்ள ஆழமற்ற திட்டுகளும் இளமையானவை. நீரும் கலங்கியதே. வயது ஒன்று, கலங்கல் ஒன்று. எண்ணிக்கை மட்டும் 117-க்கு 255. வேறுபாட்டின் பெரும்பகுதிக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே காரணமாகலாம். தேடலின் அளவு, பருவக்காற்று, இலங்கையைச் சுற்றிய நீரோட்டம் போன்றவற்றையும் கழித்துப் பார்த்த பிறகே இதை உறுதியாகச் சொல்ல முடியும். என்றாலும் வந்து சேர்தல் தரப்புக்கு இதைவிட எளிய இயற்கைச் சோதனை கிடைப்பது அரிது.

ஆனால் அதே வாதம் போர்ட்டிக்சனில் இடறுகிறது. சிங்கப்பூருக்கும் போர்ட்டிக்சனுக்கும் சாலையில் சில மணி நேரம்தான். நீரிணையின் நீர் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கியே போகிறது. சிங்கப்பூர், அதை அடுத்த ரியாவ் தீவுகள் பக்கத்து இளவுயிரிகள் இந்தக் கரைக்கு வர வழி இருக்கிறது. இருந்தும் நீரிணைப் பக்கம் மெலிவே தெரிகிறது. சரினா வஹீத் 2016-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு மலேசியக் கடல்களின் பவள மிகுதியை ஒப்பிட்டது. அதில் உச்சம் செம்பூர்ணா உள்ள கிழக்குச் சபா. மேற்கே வரவர எண்ணிக்கை இறங்குகிறது. வந்து சேரும் வழி மட்டும் போதாது, வந்தவை தங்க இடமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

தங்க இடம் என்று வரும்போது நெகிரி செம்பிலானின் நிலவரலாறும் கணக்கில் சேர்கிறது. சிரம்பான் நகரின் வழியே ஓடும் லிங்கி ஆறு தஞ்சோங் துவானுக்குத் தெற்கே நீரிணையில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் வட்டார வெள்ளீயச் சுரங்கங்களின் மண் அந்த ஆற்றைத் தூர்த்தது. அதன் பின் காடழித்து ரப்பர் நட்ட தோட்டங்களின் செம்மண்ணும், பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அரித்த மண்ணும், இப்போது தாமான்களுக்கு வெட்டும் குன்றுகளின் மண்ணும் அதே வழியில் போயின. தமிழர் உழைப்பின் வரலாறு இந்தக் கரையின் வண்டலிலும் படிந்திருக்கிறது எனலாம். கலங்கல் நீரில் கிளைப்பவளங்கள் பின்வாங்கும். உருண்டைப் பாறைகளாகவும் தகடுகளாகவும் வளரும் பவளங்கள் தாங்கும். ஆகவே நீரிணையின் மெலிவில் எவ்வளவு இயற்கையானது, எவ்வளவு கடந்த 150 ஆண்டுகளில் மனிதர் ஆக்கியது என்பதைப் பிரிக்க வேண்டும். அதைப் பிரிக்காமல் இந்தக் கரையின் எண்ணிக்கையை உலக வரைபடத்தில் ஏற்றினால், மண்ணரிப்பை உயிர்ப்புவியியல் என்று படித்துவிடுவோம்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு கரையை எடைபோடுவதும் சரியாகாது. 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது ஜேம்ஸ் கெஸ்ட் குழு மூன்று இடங்களை ஒப்பிட்டது. சுமத்ராவின் வடமுனையில் உள்ள வே தீவில் வழக்கம்போலக் கிளைப்பவளங்கள் மோசமாக வெளுத்தன. சிங்கப்பூரிலும் தியோமானிலும் அதே வகைப் பவளங்கள் பெரும்பாலும் நலமாக நின்றன. வெப்ப ஏற்ற இறக்கத்துக்குப் பழகியதும் 1998-இல் ஒருமுறை வெளுத்து மீண்டதும் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். இனங்களின் எண்ணிக்கையைப் போலவே அவற்றின் தாங்குதிறனும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பழைய வரைபடங்கள் எதிலும் அதற்கு ஒரு கோடு இல்லை.

இன்னும் தீராதவை

சான்றுகளை எடைபோட்டால், எளிய வடிவிலான பிறந்தகக் கொள்கை இனி நிற்காது என்றே சொல்லலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்ற அளவில் வந்து சேர்தலும், சேர்ந்த இடத்தில் அழியாமல் தப்புதலும் வலுவான விளக்கங்கள். 2014-இல் பெலிசியே குழு திட்டு மீன்களை ஆராய்ந்து, பனிக்காலங்களிலும் நிலைத்து நின்ற திட்டுகளுக்கு அருகில் இருப்பதே இன்றைய மிகுதியைச் சிறப்பாக விளக்குகிறது என்றது. பவளங்களுக்கும் அது பொருந்தும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் மீன் வேறு, பவளம் வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற அளவில் எங்கே பிறந்தன என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. இனப் பட்டியல் மரபணு வழியில் திருத்தப்படும் வரை அது மூடாது.

இதற்கிடையே வரைபடமே நகர்கிறது. ஜப்பான் கரையில் 1930-களிலிருந்து சில பவளங்கள் ஆண்டுக்கு 14 கிலோமீட்டர் வரை வடக்கே பரவியதை யமானோ குழு 2011-இல் பதிந்தது. நான்காவது உலகளாவிய வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக் கடல்களில் இழப்பும் ஓரங்களில் வரவும் ஒரே வேகத்தில் நடக்குமா என்பதற்கு இப்போதைக்கு விடை இல்லை. குளிர் எல்லை தளர்ந்தாலும், உயர் அட்சங்களில் குளிர்கால வெளிச்சமும் சுண்ணாம்புச் செறிவும் குறைவு என்பது மாறாது.

நம் அளவில் செய்யக் கூடிய வேலை ஒன்று உண்டு. தஞ்சோங் துவான் திட்டை 1980-இல் எழுதப்பட்ட கட்டுரையோடு ஒப்பிட்டு மீண்டும் முழுமையாக எண்ண வேண்டும். எண்ணும்போது ஒவ்வோர் இனத்திலிருந்தும் மரபணு மாதிரி எடுத்து வைக்க வேண்டும். அதே முறையில், அதே அளவு தேடலோடு, சிங்கப்பூரிலும் மன்னார் வளைகுடாவிலும் மாதிரிகள் சேர்ந்தால் நீரிணைக்கு எந்தப் பக்கத்திலிருந்து பவளம் வந்தது, எது தங்கியது, எது போனது என்று ஊகம் கலக்காமல் பேசலாம். மலேசியப் பல்கலைக்கழகங்களில் கடல் உயிரியல் படிக்கும் நம் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது செம்பூர்ணாவுக்கு விமானச்சீட்டு எடுக்குமுன் போர்ட்டிக்சன் கரையையும் ஒருமுறை கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.